பெட்டியில் உள்ள எண் முதல் நாளுக்கு மட்டுமே

2019 செப்டம்பரில் சிலாங்கூர், சரவாக் உட்பட பல மாநிலங்களில் புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் வீட்டில் இருந்தாலும் உள்ளே இருக்கும் காற்று நல்லதா என்ற கவலை பெற்றோரை விடவில்லை. இன்றும் ஐபியு 100-ஐத் தாண்டும்போதெல்லாம் பலர் தேடுவது காற்றுச் சுத்திகரிப்புக் கருவியைத்தான்.

அதன் பெட்டியில் சிஏடிஆர் என்றொரு எண் இருக்கும். கருவி எவ்வளவு விரைவாகத் தூய காற்றைத் தருகிறது என்பதை அது காட்டுகிறது. ஆனால், அது மூடிய அறையில் புத்தம்புதிய கருவியைச் சோதித்துப் பெற்ற எண். ஓராண்டுக்குப் பின் கருவி எப்படி இயங்கும் என்பதை அது சொல்லாது.

குறிப்பாக, மின்னூட்டத்தால் தூசைப் பிடிக்கும் கருவிகளில் கவனம் தேவை. "வடிகட்டி மாற்றத் தேவையில்லை, தகடுகளைக் கழுவினால் போதும்" என்பதே இவற்றின் கவர்ச்சி. சாதாரண வடிகட்டி அடைத்துக்கொண்டால் காற்று வருவது குறையும், நமக்கே தெரிந்துவிடும். மின்தகடுகளில் அழுக்கு படிந்தாலோ விசிறி வழக்கம்போல் சுற்றும், விளக்கும் எரியும். தூசு பிடிக்கும் திறன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

சீனாவின் 2015-ஆம் ஆண்டுத் தரநிலை இதையும் அளந்தது. கருவிக்குள் தொடர்ந்து சிகரெட் புகையைச் செலுத்தி, அதன் சிஏடிஆர் பாதியாகக் குறைவதற்குள் எத்தனை மில்லிகிராம் மாசைப் பிடித்தது என்று கணக்கிட்டார்கள். பயனீட்டாளருக்கு உண்மையில் பயன்படும் கணக்கு இதுதான்.

நம் வீடுகளில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, தாளிப்புப் புகை என எல்லாமே உண்டு. தகடுகள் விரைவில் அழுக்காகும். மின்இணைப்பைத் துண்டித்து, கையேட்டில் உள்ளபடி கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் பொருத்த வேண்டும்.

திறனை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். பிஎம் 2.5 அளவி ஒன்று போதும். ஒரே அறையின் கதவு, சன்னல்களை மூடி, கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, முன்னும் பின்னும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் வேறுபாடு தெரியும். காற்றோட்டத் துளைகள் உள்ள பழைய தோட்ட வீடுகளில், அடைக்கக்கூடிய ஓர் அறையில் மட்டும் கருவியை வைப்பதே பயன் தரும்.

இவ்வகைக் கருவிகள் ஓசோனையும் வெளியிடலாம். அது நுரையீரலை உறுத்தும் வாயு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கு 0.050 பிபிஎம் என வரம்பு விதித்துள்ளது. வாங்கும் முன் ஓசோன் அளவையும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை தூங்கும் அறையில், விளக்கு எரிகிறது என்பதற்காக மட்டும் கருவியை நம்பிவிட முடியாது.