வீடியோ போட்டாச்சு… ஆசிரியர் எங்கே?



தொலைநிலைக் கல்வியில் புள்ளியியல் படிக்கும் உங்க தம்பியிடமோ தங்கையிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. திட்டவிலக்கம் கணக்கிடும்போது சில இடத்தில் மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறோம், சில இடத்தில் அதில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கிறோம். ஏன்?

பாதிப் பேருக்குச் சூத்திரம் தெரியும், காரணம் தெரியாது. மாதிரியின் சராசரியை அதே மாதிரியிலிருந்தே எடுப்பதால் சிதறல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதைச் சரிக்கட்டத்தான் ஒன்றைக் கழிக்கிறோம். எதிரில் ஒரு ஆசிரியர் இருந்தால் நாலு எண்ணை வைத்துப் பத்து நிமிஷத்தில் புரியவைத்துவிடுவார். வீடியோவை மூணு தடவை ஓடவிட்டாலும் அது சொன்னதையேதான் திரும்பச் சொல்லும். படிக்கிறவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று அதுக்குத் தெரியாது.

பதிவு செய்த பாடமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்குப் படிக்கிற தொழிலாளிக்கும், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு உட்காருகிற தாய்க்கும் அது பெரிய உதவி. ஆனால் அதைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971லேயே பிபிசி தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்தியது. ஆனா டிவியோடு நிறுத்தவில்லை. மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் இருந்தார்கள். எழுதி அனுப்பிய பயிற்சித்தாளைத் திருத்தி, எங்கே தப்பு என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் அது பல்கலைக்கழகம்!

இங்கே என்ன நிலை? 2017ல் ஒன்றிய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. 2021ல் யுஜிசி, நேரடிக் கல்லூரி மாணவர்களே ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள் வரை அதில் படிக்கலாம் என்று விதி போட்டது. தொலைநிலை மாணவரின் பிரச்சினை நாளைக்கு எல்லா மாணவரின் பிரச்சினை ஆகும்.

"புள்ளியியல் தெரியாட்டி என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 9 பேருக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம், ஒருத்தருக்கு 10 லட்சம். சராசரி 1,09,000 ரூபாய்! "மக்கள் வருமானம் லட்சத்தைத் தாண்டியது" என்று மேடையில் முழங்கலாம். வரிசையின் நடுவில் நிற்கிறவர் கையில் இருப்பதோ 10,000தான். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடிக்கிற அறிவுதான் புள்ளியியல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சரியாகக் கற்றுத்தராமல் விட்டால் யாருக்கு லாபம் என்று யோசிச்சுப் பாருங்க.

நம் கோரிக்கை நான்கு:

✊ ஒவ்வொரு புள்ளியியல் பாடத்துக்கும் வாரம் ஒருமுறை கேள்வி கேட்டுப் பதில் பெறும் நேரலை வகுப்பு.
✊ மதிப்பெண் மட்டும் போடாமல், தவறைச் சுட்டிக்காட்டித் திருத்திய பயிற்சித்தாள்.
✊ தமிழில் தரமான பதிவுப் பாடங்கள்.
✊ காலிப் பணியிடங்களில் நிரந்தர ஆசிரியர்கள்.

கட்டணம் வாங்கும்போது மாணவர், கேள்வி கேட்கும்போது வெறும் பார்வையாளரா?

தொலைநிலையில் படிக்கும் உங்க உறவினர், நண்பர் ஒவ்வொருவருக்கும் இதை அனுப்புங்க. அவங்க அனுபவத்தைக் கமெண்டில் எழுதச் சொல்லுங்க.

#வீடியோ_போதாது #ஆசிரியர்_வேண்டும்