எல்லோருக்கும் திறந்த கோப்புறைகள்

2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நியூசிலாந்தை உலுக்கிய செய்தியொன்றை ஒக்லாந்திலுள்ள தமிழர் அமைப்புகள் மீண்டும் எண்ணிப் பார்ப்பது நன்று. வேலை தேடுவோருக்கென அரச நலன்புரி அலுவலகங்களில் பொதுக் கணினிகள் வைக்கப்பட்டிருந்தன. கீத் இங் என்ற வலைப்பதிவர் அவற்றில் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. கோப்பைத் திறப்பதற்கான வழக்கமான சாளரத்தின் வழியாகவே சமூக மேம்பாட்டு அமைச்சின் வழங்கிகளைச் சென்றடைந்தார். அரச பராமரிப்பிலிருந்த சிறுவர்களின் பெயர்கள் கொண்ட ஆவணங்களும் அங்கே இருந்தன. வெளி நிறுவனமொன்று 2011இலேயே எச்சரித்திருந்தும் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது.

அது விண்டோஸ் கணினிகளில் நிகழ்ந்தது. எனினும் தமிழர் அமைப்புகளின் லினக்ஸ் வழங்கிகளில் அதே தவறு வேறு உருவில் நாள்தோறும் நிகழ்கின்றது. அதன் பெயர் 777.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் முறைமையில், ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, ஏனையோர் என மூன்று தரப்பினர் உள்ளனர். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. விழாப் படங்களைத் தளத்தில் ஏற்ற முடியவில்லை என்று செயலாளர் தொலைபேசியில் அழைக்கின்றார், வேலை முடிந்து களைத்து வந்த தொண்டர் இரவு பதினொரு மணிக்குக் கோப்புறைக்கு 777 கொடுக்கின்றார், படம் ஏறுகின்றது, எல்லோரும் உறங்கச் செல்கின்றனர். அந்த எண்ணை மீண்டும் மாற்ற எவரும் வருவதில்லை.

இயங்கும் செயல்முறை ஒவ்வொன்றும் ஏதோவொரு பயனர் கணக்கின் உரிமையுடனேயே இயங்குகின்றது. இணைய வழங்கி மென்பொருள் 80, 443 ஆகிய துறைகளைத் திறப்பதற்கு மட்டும் தலைமைப் பயனராகத் தொடங்கி, பின்னர் வாசகரின் கோரிக்கைகளைக் கையாளும் பொறுப்பை அதிகாரம் குறைந்த தனிக் கணக்கொன்றிடம் விடுகின்றது. செருகுநிரலொன்றின் ஓட்டை வழியே புகுபவருக்கும் அந்தச் சிறு கணக்கின் உரிமையே கிட்டவேண்டும் என்பதே இதன் நோக்கம். 777 அந்த முன்னெச்சரிக்கையை அந்தக் கோப்புறையைப் பொறுத்தவரை பயனற்றதாக்கி விடுகின்றது. பலர் பகிரும் வழங்கியில் "ஏனையோர்" என்பதில், தக்க தடுப்பு இல்லாவிடின், அதே இயந்திரத்தில் தளம் வைத்திருக்கும் முன்பின் அறியாதவர்களும் அடங்குவர். தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பை 644 என விட்டிருந்தாலே அவர்கள் வாசித்துவிடலாம்; 640 அல்லது 600 போதுமானது.

நிரற்கோப்புகளின் உரிமை ஒரு கணக்கிடமும், அவற்றை வாசிக்கும் உரிமை மட்டும் இணையச் செயல்முறையிடமும் இருக்கவேண்டும். படங்கள் ஏறும் கோப்புறையில் மட்டும் அது எழுதலாம், அங்கே பி.எச்.பி. இயங்கக் கூடாது. அவ்வாறாயின் வேர்ட்பிரஸ் தன்னைத் தானே புதுப்பிக்க இயலாதே என்று சிலர் வாதிடுவர். நியாயமான வாதமே, புதுப்பிக்கப்படாத தளம் இதனினும் ஆபத்தானது. உரிமையாளர் கணக்கின் பெயரால் இரவுதோறும் புதுப்பிப்புக் கட்டளை தானாக இயங்கும்படி கால அட்டவணை அமைத்தால் இரண்டும் நிறைவேறும். அதற்கு ஆளில்லாத அமைப்பு, தளத்தைத் தானே நடத்தாமல் தகுந்த சேவையாளரிடம் ஒப்படைப்பதே மேல்.

இது வெறும் தொழில்நுட்பச் சங்கதியன்று. புலம்பெயர் அமைப்புகளின் வழங்கிகளில் உறுப்பினர் முகவரிகள் மட்டும் இருப்பதில்லை. காணாமற்போனோரின் உறவினர் அளித்த வாக்குமூலங்கள், தாயகத்திலுள்ள சாட்சிகளின் பெயர்கள் என்பனவும் சில இடங்களில் உள்ளன. 2007இல் தமிழ்நெற் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டபோது அதை எல்லோரும் அறிந்தனர். திறந்து கிடக்கும் கோப்புறையிலிருந்து பட்டியலொன்று பிரதியெடுக்கப்பட்டால் எவரும் அறியமாட்டார்கள். அதன் விலையைச் செலுத்துவோர் ஒக்லாந்தில் அல்ல, முல்லைத்தீவில் இருப்பர்.

நியூசிலாந்தின் 2020ஆம் ஆண்டு அந்தரங்கச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சிறிய தொண்டமைப்பும் அதற்கு விலக்கன்று. கடுந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை அந்தரங்க ஆணையாளருக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவித்தே ஆகவேண்டும். தகுந்த காரணமின்றி ஆணையாளருக்கு அறிவிக்கத் தவறினால் 10,000 டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

எண்களைத் திருத்தியபின் இன்னுமொன்றைத் தேடிப் பார்க்க வேண்டும். தரவுத்தளத்தின் காப்புப் பிரதியைப் பலர் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே சுருக்கி வைத்துவிடுகின்றனர். அதை வாசிக்க இணையச் செயல்முறைக்கு அனுமதி உண்டு; ஆகையால் அதன் முகவரியை ஊகிப்பவர் எவருக்கும் வழங்கி அதைக் கேள்வியின்றி எடுத்துக் கொடுக்கும். அங்கே 640 காப்பாற்றாது. அக்கோப்பு அந்தக் கோப்புறையை விட்டே வெளியேற வேண்டும்.