வீவக விட்டா போதுமா, ஓனர் விட வேணாமா?

அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துல இப்ப அடிக்கடி அடிபடுற பேச்சு, வாடகை வீட்டுப் பூனைதான்.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டுல 2 பூனை வரைக்கும் வளர்க்கலாம், உரிமம் எடுக்கணும். சந்தோஷம். ஆனா அது வீவக விதி. ஒப்பந்தத்துல "செல்லப்பிராணி கூடாது"ன்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஓனர் பார்க்க வர்ற அன்னிக்கு மட்டும் பூனையைக் கூடையில வச்சு நண்பர் வீட்டுக்கு அனுப்புறது சரியில்லைங்க. சோபா கீறலே காட்டிக் கொடுத்துடும்.

அதுக்காக ஓனர் செய்றதெல்லாம் நியாயம் ஆயிடாது. சாவி இருக்குன்னு சொல்லாம கொள்ளாம திறந்து நுழையறது என்ன பழக்கம்? உள்ள ஒரு குடும்பம் இருக்கு, பெண்பிள்ளைங்க இருப்பாங்க. வாட்ஸ்அப்ல நாள், நேரம் கேட்டுட்டு வாங்க. கீறலுக்கு ரசீதோட பணம் பிடிங்க, மொத்த டெபாசிட்டையும் அமுக்காதீங்க. 2 வருஷத்துக்கு மேற்படாத வீட்டு வாடகைத் தகராறை, 20,000 வெள்ளி வரைக்கும், ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலுக்குக் கொண்டு போகலாம். அங்க வக்கீல் கிடையாது, செலவும் கம்மி.

இந்தச் சண்டையில தெருவுக்கு வர்றது என்னவோ பூனைதான். கோயில்ல விட்டா யாராவது பால் ஊத்துவாங்கன்னு நினைப்பு! வளர்த்த பிராணியைக் கைவிடுறது இங்க சட்டப்படி குற்றம். குடிபோறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட கேட்டு, ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிடுங்க. அவர் மாட்டேன்னா வேற வீடு பாருங்க.