135 வருடக் காத்திருப்பு: சோமர்செட் இந்த முறையாவது கோப்பையைத் தூக்குமா?

ஆர்சிபி ரசிகர்கள் 18 சீசன் காத்திருந்ததையே நாம் வருடக்கணக்கில் மீம் போட்டுக் கலாய்த்தோம். 2025-ல் அவர்களும் கப் அடித்துவிட்டார்கள். ஆனால், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஓர் அணி இருக்கிறது. 1891-ல் கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பில் ஆடத் தொடங்கியது. இன்று வரை ஒருமுறைகூட அந்தப் பட்டத்தை வென்றதில்லை. அதுதான் சோமர்செட்.

2026 சீசனில் அந்தக் கதை மாறுமா? சாதகம் என்ன, பாதகம் என்ன? பார்க்கலாம்.

யார் இந்த சோமர்செட்?

1875-ல் தொடங்கப்பட்ட கிளப். சொந்த மைதானம் டான்டன் நகரில் இருக்கிறது. இந்திய ரசிகர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. 1999 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக கங்குலி 183, டிராவிட் 145 என்று விளாசி, இருவரும் சேர்ந்து 318 ரன் குவித்தார்களே, அது நடந்தது இங்கேதான்.

விவியன் ரிச்சர்ட்ஸ், இயன் போத்தம், ஜோயல் கார்னர் மூவரும் ஒரே காலத்தில் ஆடிய அணி இது. 1980-ல் சுனில் கவாஸ்கரும் இந்த அணிக்காக ஆடியிருக்கிறார். ஒருநாள் கோப்பைகள், டி20 கோப்பைகள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. நான்கு நாள் ஆட்டங்களைக் கொண்ட சாம்பியன்ஷிப் மட்டும்தான் கைக்கு வரவில்லை. மொத்தமுள்ள 18 கவுன்ட்டிகளில் இந்தப் பட்டத்தை வெல்லாதவை மூன்றே மூன்று. மற்ற இரண்டு, குளூஸ்டர்ஷயரும் நார்த்தாம்ப்டன்ஷயரும்.

எத்தனை முறை நழுவியது?

2001, 2010, 2012, 2016, 2018, 2019. இந்த ஆறு வருடங்களிலும் இரண்டாம் இடம். இதில் சில கதைகளைக் கேட்டால் எதிரணி ரசிகருக்கே பாவமாக இருக்கும்.

2010-ல் சோமர்செட்டும் நாட்டிங்காம்ஷயரும் தலா 214 புள்ளிகள். அதிக வெற்றி யாருக்கு என்ற கணக்கில் கோப்பை நாட்டிங்காமுக்குப் போனது.

2016 இன்னும் மோசம். சோமர்செட் தன் கடைசி ஆட்டத்தை முன்கூட்டியே ஜெயித்துவிட்டு, லார்ட்ஸில் மிடில்செக்ஸ் - யார்க்‌ஷயர் ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்தது. அது டிராவில் முடிந்திருந்தால் சோமர்செட்தான் சாம்பியன். கடைசி நாள் மாலையில் டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்தார். மிடில்செக்ஸ் சாம்பியன்.

2019-ல் கடைசி ஆட்டம் சொந்த மண்ணிலேயே எசெக்ஸுடன். ஜெயித்தால் பட்டம். மழை விடவில்லை. ஆட்டம் டிரா, பட்டம் எசெக்ஸுக்கு. அந்த சீசனின் கடைசிக் கட்டத்துக்காக சோமர்செட் ஒப்பந்தம் செய்திருந்தது, நம்ம முரளி விஜய்யை!

2024-ல் மூன்று கோப்பைக்கும் போட்டியில் இருந்தது. செப்டம்பரில் டான்டனில் சர்ரேவை, கடைசி நாள் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது வீழ்த்தியது. காயத்தோடு நொண்டிக்கொண்டே வந்து பேட் பிடித்தார் டாம் பான்டன். ஆனால் அதே மாதத்தில் டி20 இறுதியில் தோல்வி, அடுத்த சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் தோல்வி, ஒருநாள் கோப்பை இறுதியிலும் தோல்வி. கைக்கு எட்டியது மூன்றுமே வாய்க்கு எட்டவில்லை.

புள்ளிக் கணக்கு எப்படி?

முதல் டிவிஷனில் 10 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டங்கள். வெற்றிக்கு 16 புள்ளிகள், டிராவுக்கு 8. இது போக முதல் இன்னிங்ஸில் பேட்டிங் போனஸ் அதிகபட்சம் 5, பவுலிங் போனஸ் அதிகபட்சம் 3. கடைசி இரண்டு இடங்களில் முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்கம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்லா அணியோடும் இரண்டு முறை மோத வேண்டுமென்றால் 18 ஆட்டம் தேவை. இருப்பதோ 14. அதனால் ஐந்து அணிகளுடன் இரண்டு முறையும், நான்கு அணிகளுடன் ஒரு முறையும் மட்டுமே ஆட்டம். யாரோடு இரண்டு முறை ஆட வேண்டி வருகிறது என்பதிலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது.

சாதகம் 1: அடித்தளம் ஸ்ட்ராங்

2025-ல் நாட்டிங்காம்ஷயர் சாம்பியன், சர்ரே இரண்டாமிடம், சோமர்செட் மூன்றாமிடம். முந்தைய வருடமும் மூன்றாமிடம்தான். அதாவது இது ஒரு சீசன் ஜொலித்துவிட்டுக் காணாமல் போகும் அணி இல்லை.

2025 ஏப்ரலில் வொர்ஸ்டர்ஷயருக்கு எதிராக பான்டன் எடுத்த 371 ரன்கள், சோமர்செட் வரலாற்றில் தனிநபர் அதிகபட்சம். ஜஸ்டின் லாங்கரின் 342-ஐ முந்தினார். விக்கெட் கீப்பர் ஜேம்ஸ் ரூ இளம் வயதிலேயே சதங்களைக் குவித்து வருபவர். கேப்டன் லூயிஸ் கிரெகரி, கிரெய்க் ஓவர்ட்டன், டாம் ஏபெல், ஜாக் லீச் என அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். இதில் பலர் அந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்கள். காசைக் கொட்டி வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த கூட்டம் இல்லை.

சாதகம் 2: டான்டன் ஆடுகளம்

செப்டம்பரில் டான்டன் பிட்ச் சுழலும். 'சைடராபாத்' என்றே செல்லப்பெயர் உண்டு. அந்த ஊரில் பிரபலமான ஆப்பிள் மதுவான சைடரையும் ஹைதராபாத்தையும் கலந்து வைத்த பெயர். லீச்சோடு, மைக்கேல் வானின் மகன் ஆர்ச்சி வானும் சேர்ந்துவிட்டார். 2024-ல் சர்ரேவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஆர்ச்சி மட்டும் 11 விக்கெட்.

ஆனால் இதில் ஓவராகப் போனால் ஆபத்து. 2019 இறுதி ஆட்டத்தின் பிட்ச் மோசம் என்று சொல்லி சோமர்செட்டுக்குப் புள்ளிகளே குறைக்கப்பட்டன.

சாதகம் 3: மாறிய காலண்டர்

அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான். 2024, 2025 சீசன்களில் டி20 பிளாஸ்ட் இறுதி நாள் செப்டம்பர் நடுவில், சாம்பியன்ஷிப்பின் கிளைமாக்ஸோடு மோதியது. 2024-ல் சோமர்செட் மூச்சு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2026 முதல் பிளாஸ்ட்டில் லீக் ஆட்டங்கள் 14-லிருந்து 12-ஆகக் குறைகின்றன. 'தி ஹண்ட்ரட்' தொடங்கும் முன் ஜூலையிலேயே இறுதி ஆட்டமும் முடிந்துவிடும்.

பிளாஸ்ட்டின் நடப்புச் சாம்பியனே சோமர்செட்தான். 2025 இறுதியில் ஹாம்ப்ஷயரின் 194 ரன்களைத் துரத்திப் பிடித்தது. வில் ஸ்மீட் 94. இனி எல்லாக் கோப்பைக்கும் போட்டியிடும் அணிக்கு செப்டம்பரில் நான்கு நாள் ஆட்டத்தில் கூடுதல் கவனம் வைக்க முடியும்.

பாதகம்: ஆள் இருப்பார்களா?

இங்கேதான் சிக்கல். பான்டனை குஜராத் டைட்டன்ஸ் ஏலத்தில் 2 கோடி ரூபாய்க்கு எடுத்திருக்கிறது. சாய் சுதர்சன் ஆடும் அதே அணி. ஐபிஎல் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சாம்பியன்ஷிப்பின் முதல் பாதியும் ஓடும். ஜூலையில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போய் டி20, ஒருநாள் ஆட்டங்களில் ஆடுகிறது. அதற்கும் பான்டன் தேவைப்படலாம். ஜேம்ஸ் ரூவுக்கு டெஸ்ட் அழைப்பு வந்தால் அவரும் கிளம்பிவிடுவார்.

நல்ல வீரர்களை வளர்த்தால் அவர்களையே இழக்க வேண்டிவரும். சின்ன கவுன்ட்டிகளின் நிரந்தரத் தலைவலி இது. சர்ரேவுக்கும் இதே பிரச்சினை உண்டு. ஆனால் ஓவல் மைதானத்தின் டெஸ்ட் வருமானத்தை வைத்து அவர்கள் இரண்டு அணி அளவுக்கு ஆள் சேர்க்க முடியும். டான்டன் ஆண்கள் டெஸ்ட் நடக்கும் மைதானம் இல்லை. சோமர்செட்டுக்கு 'ஹண்ட்ரட்' அணியும் கிடையாது. யார்க்‌ஷயரிடம் இருந்த அணியை சென்னையின் சன் குழுமம் வாங்கி 'சன்ரைசர்ஸ் லீட்ஸ்' ஆக்கிவிட்டது. அந்த விற்பனைகளில் வந்த பணத்தில் எல்லா கவுன்ட்டிகளுக்கும் பங்கு உண்டு என்றாலும், மைதானம் வைத்திருக்கும் பெரிய கிளப்களுக்கும் மற்றவற்றுக்கும் இடைவெளி கூடவே செய்யும். எனவே இந்தத் தலைமுறை வீரர்கள் சேர்ந்திருக்கும்போதே ஜெயிப்பது சோமர்செட்டுக்கு முக்கியம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது.

அப்போ, வாய்ப்பு எப்படி?

ஃபேவரிட் என்று சொன்னால் சர்ரேவும் நாட்டிங்காமும்தான். சர்ரே 2022 முதல் 2024 வரை ஹாட்ரிக் அடித்த அணி. சோமர்செட் அவர்களுக்கு ஒரு படி பின்னால் நிற்கிறது. முதல் நான்கு இடங்களுக்குள் வரும் என்று துணிந்து சொல்லலாம்.

பட்டம் வேண்டுமென்றால் மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும். ஒன்று, பான்டன் இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் டாப் ஆர்டர் சரியாமல் பேட்டிங் போனஸைச் சேர்க்க வேண்டும். இரண்டு, தோற்கும் நிலையில் இருக்கும் ஆட்டங்களை டிராவாக்கி 8 புள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும். மூன்று, சுழற்பந்து எடுபடும் செப்டம்பர் வரும்போது பட்டியலில் தொட்டுவிடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆக, மே கடைசியில் புள்ளிப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சோமர்செட் அப்போது முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால், செப்டம்பரில் டான்டன் பக்கம் ஒரு கண் வைப்பது நல்லது. மற்றதெல்லாம் மழையின் கையில்.