தாகமே அளவு

நம் மைதானத்தில் மாலைதோறும் ஓட்டம் பயில்வாரிடையே ஒரு கொள்கை நிலவுகின்றது. பயிற்சி முடியுமட்டும் நீர் அருந்தலாகாது. அருந்துவோன் உரமற்றவன் என்பதே அது. சென்ற பங்குனியில் எம்முடன் ஓடிய நண்பரொருவர், இக்கொள்கையைப் பிழையாது போற்றிப் பதினோராஞ் சுற்றில் மயங்கி வீழ்ந்தார். அவரை வேப்பமர நிழலிற் கிடத்தி விசிறினோருள் யானும் ஒருவன். அன்றுதொட்டு இக்கொள்கையின் உண்மையை ஆராயலானேன்.

இது நம் மைதானத்திற்கு மட்டும் உரியதன்று. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில், கடும் வெயிலிலும் புழுதியிலும் ஓடியவர்க்கு வழியில் நீர் கிடைத்த இடங்கள் மிகச் சிலவே. புறப்பட்டோர் 32 பேர். முடித்தோர் 14 பேர். வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸ் நீர் வேண்டியபோது, துணைவர் அவர் வாயை நனைத்தனரேயன்றிப் பருகக் கொடுத்திலர். எட்டிக்கொட்டையிலுள்ள நஞ்சாகிய ஸ்ட்ரிக்னைனை முட்டை வெண்கருவோடு ஊட்டினர். அவர் பிறர் தாங்க எல்லையை அடைந்தார். இதனையோ உரம் என்பது?

வியர்வை உலர்தலால் உடல் குளிர்கின்றது. வெயிலிற் கடுமையாக ஓடுவோன் ஒரு மணியில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வையாய் இழத்தல் கூடும். இழந்தது ஈடுசெய்யப்படாவிடின் குருதி அளவிற் குறையும். நெஞ்சு விரைந்து துடிக்கும். உடலின் வெப்பம் ஏறும். மனவுறுதியால் இதனை மாற்றல் இயலாது.

அங்ஙனமாயின், இயன்றமட்டும் குடித்தலே நன்றோவெனின், அதுவும் அன்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவருள் 488 பேருடைய குருதியை மருத்துவர் ஆராய்ந்தனர். அவருள் நூற்றுக்கு 13 பேர்க்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகக் குடித்து எடை கூடினார்க்கே இத்தீங்கு மிகுதி. அவ்வோட்டத்தில் இளம்பெண் ஒருவர் இதனால் உயிரும் இழந்தார். நீர் மிகின் குருதியிலுள்ள உப்பு நீர்த்துப்போக, மூளை வீங்கித் தலைவலியும் வாந்தியும் வலிப்பும் தோன்றும்.

ஆகவே, குறையினும் மிகினும் கேடே. அளவு யாதோவெனின், தாகமே அளவு. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் பசியறிந்து அளவோடு உண்ணுமாறு கூறுகின்றது. அந்நெறி நீருக்கும் பொருந்தும். தாகம் எழும்போது அருந்துக, தணிந்தவுடன் நிறுத்துக. நெடும்பயிற்சியின் பின்னர் உப்பிட்ட மோரோ நீராகாரமோ கொள்ளின், வியர்வையோடு கழிந்த உப்பும் மீளும்.

தாகத்தை அடக்குதல் மனத்திற்குப் பயிற்சியன்றோ எனச் சிலர் வினவுவர். வண்டிக்காரன் தன் எருதுகளுக்கு நீர் காட்டாது நெடுவழி செலுத்தான். அதனால் அவை வலியிழந்தன என்பார் உளரோ? மனத்தின் திண்மை கால்கள் தளர்ந்தபின்னும் இறுதிச் சுற்றை ஓடுதலிற் காணப்படுவது. பானையைக் கண்டு முகந்திருப்புதலில் அன்று.

கோடையில் முன்பின் அறியா வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் அமைப்பது நம்மவர் வழக்கம். நம்மோடு ஓடும் தோழர்க்கு மைதானத்தின் ஓரத்தில் ஒரு மண்பானை வைத்தல் அரிதன்று. வரும் விளையாட்டு விழாவிற்கு முன்னரே அப்பானை அங்கே அமைதல் வேண்டும். அதிலிருந்து அருந்துவோனை எவரும் நகையாதிருத்தல் அதனினும் வேண்டும்.