‘இல்லை’ என்றால் எழுதிக் கொடுக்கட்டும்!

பாங்கின் படியேறி, கடன் அட்டைக்கோ கடனுக்கோ மனுக் கொடுத்த உழைப்பாளிக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான்: “சிபில் சரியில்லை, கம்ப்யூட்டர் எடுக்கவில்லை.” குமாரபாளையத்துத் தறித் தொழிலாளியும் இதையே கேட்கிறார், ராசிபுரம் பக்கத்தில் குத்தகைக்கு மரவள்ளி போட்டவரும் இதையே கேட்கிறார், சேலத்து மில்லில் காண்டிராக்டில் வேலை செய்பவரும் இதையே கேட்கிறார். ஏன் எடுக்கவில்லை என்று திருப்பிக் கேட்டால் குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். மனுக் கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறார், ஏதோ தாமே குற்றம் செய்துவிட்டதைப் போல!

அவர் தலை குனிய வேண்டிய அவசியமே இல்லை. மனுவை மறுத்தால் அதற்கு உரிய காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று பாங்குகளுக்கு ரிசர்வ் பாங்கு 2003ஆம் ஆண்டு மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. அப்போது இரண்டு லட்சம் ரூபாய் வரை கேட்கும் சிறு கடன்தாரர்களுக்கு என்றிருந்தது. 2007இல் எந்தத் தொகையானாலும் சரி, கிரெடிட் கார்டு மனுவானாலும் சரி என்று விரிவாக்கப்பட்டது. 2022இல் கிரெடிட் கார்டுகளுக்கென்றே தனியாக வந்த கட்டளையிலும் இதே ஷரத்து இடம்பெற்றது. கடன் மனுவை வாங்கிக்கொண்டால் அதற்கு ரசீது தரவேண்டும் என்பதும் விதிதான். இருபது வருஷத்துக்கு மேலாகியும் இந்த விதிகள் நமது ஊர்க் கிளைகளின் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. கேட்கிறவர் இல்லாததால் கொடுக்கிறவரும் இல்லை.

“ஒரு அட்டை கிடைக்காவிட்டால் என்ன முழுகிப்போகும்?” என்று சிலர் கேட்கக்கூடும். பாங்கில் இல்லை என்று சொல்லப்பட்டவர் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்துவிட முடிவதில்லை. பிள்ளைக்குக் காலேஜ் பணம் கட்டியாக வேண்டும், மனைவிக்கு ஆபரேஷன், கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது. அவர் தண்டல்காரரிடம் போகிறார். மூன்று வட்டி, ஐந்து வட்டி, பத்து வட்டி என்று நமது பக்கத்தில் சொல்வதெல்லாம் மாசக் கணக்கு. பத்து வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூற்றிருபது! தறிப்பட்டறையில் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறவருக்கு வட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் முன்பணம் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கூலி உயர்வு கேட்க வாய் வராது. இப்படி ஆளைக் கட்டிப்போடும் கடன் செல்லாது என்கிறது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. முன்பணம் முதலாளியின் நோட்டில் இருக்கிறது.

2025 ஜூலையில் பள்ளிபாளையத்திலிருந்து வந்த செய்தியை யாரும் மறந்திருக்க முடியாது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளிகளைத் தரகர்கள் தேடிப்பிடித்துச் சிறுநீரகத்தை விற்கச் செய்த விவரம் வெளியே வந்தது. அரசு விசாரணை நடத்தியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அடுத்த மாதமே சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. தரகர்களைப் பிடித்து உள்ளே போடட்டும், அது சரிதான். ஆனால் சில லட்ச ரூபாய்க்காக ஒரு மனிதன் தன் உடம்பை அறுத்துக் கொடுக்கச் சம்மதித்தான் என்றால், அதற்கு முன் எத்தனை கவுண்டர்களில் அவனுக்கு ‘இல்லை’ சொல்லப்பட்டது என்ற கணக்கை எந்தக் குழு எடுக்கப் போகிறது?

சிபில் என்பது ஏதோ சர்க்கார் இலாகா என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கம்பெனி. 2000ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கப்பட்டது. இன்று அதன் பங்குகளில் மிகப் பெரும்பகுதி சிகாகோ நகரத்து டிரான்ஸ்யூனியன் கம்பெனியின் கையில் இருக்கிறது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று அதைப் போல இன்னும் மூன்று உண்டு. யார் எங்கே கடன் வாங்கினார், எந்தத் தவணையை எத்தனை நாள் தாமதித்தார் என்று பாங்குகளும் குழுக்கடன் கம்பெனிகளும் அனுப்பும் விவரங்களை வைத்து 300 முதல் 900 வரை மார்க் போடுகிறார்கள். எடப்பாடியில் தறி ஓட்டுகிறவனின் நாணயத்துக்கு மார்க் போடுகிற கம்பெனிக்கு எடப்பாடி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது!

அனுப்பப்படும் விவரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா? நமது ஜில்லாக்களில் ஒரு தெருவை எடுத்தால் நாலு பழனிசாமி, மூன்று பெரியசாமி. ஆதாரில் இனிஷியல் ஓர் எழுத்து. பான் கார்டில் தகப்பனார் பெயரை முழுதும் விரித்து எழுதியிருப்பார்கள். ரேஷன் கார்டில் பிறந்த தேதியே வேறு. ஒருவர் பட்ட கடன் இன்னொருவர் தலையில் ஏறுவதற்கு இது போதும். எப்போதோ கட்டி முடித்த நகைக்கடனை முடிந்ததாகக் குறிக்காமல் விட்டிருப்பார்கள். மைத்துனனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது நமக்கு மறந்திருக்கும், கம்பெனிக்கு மறக்காது. குழுவில் நமது பங்கை ஒழுங்காகக் கட்டியிருந்தும் பாக்கி என்று ஏறியிருக்கலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வசூலுக்கு வருகிறவர்கள் “பாதியைக் கட்டு, மீதியை முடித்துவிடலாம்” என்று ஆசை காட்டுவார்கள். கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஏட்டிலோ ‘செட்டில்டு’ என்று விழுந்து, வருஷக்கணக்கில் நமக்கு எதிராக நிற்கும். முடித்துக்கொள்வதாக இருந்தால் என்ன வார்த்தையில் பதிவு செய்வார்கள் என்று முதலில் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

தவறைத் திருத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. கடன் தகவல் கம்பெனிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தந்திருக்கிறது. நான்கு கம்பெனிகளில் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். தவறு என்று எழுதிக் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் 2024 ஏப்ரல் 26 முதல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு மனுதாரருக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் கட்டளை. ஒருநாள் கூலியில் கால்வாசிகூட வராத தொகைதான். ஆனாலும் இந்தச் சங்கதி தெரிந்தவர் நமது பட்டறைகளில் எத்தனை பேர்?

மார்க் குறைவு, ஆகவே கடன் இல்லை என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கடனுக்குக் குறைந்தபட்ச மார்க் எதையும் ரிசர்வ் பாங்கு நிர்ணயிக்கவில்லை என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிதித்துறை இணையமைச்சர் பதில் சொன்னார். முதல் தடவையாகக் கடன் கேட்கிறவருக்கு முன்கணக்கு இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கின் 2025 ஜனவரி அறிவுரை என்றும் சொன்னார். கடன் தருவதும் தராததும் பாங்கின் முடிவு என்பது உண்மைதான். அதை மறைத்து நாம் யாருக்கும் பொய் நம்பிக்கை தரப்போவதில்லை. ஆனால் “விதி இப்படி, என் கையில் ஒன்றுமில்லை” என்று மானேஜர் கையை விரித்தால், அப்படி ஒரு விதி கிடையாது.

கூட்டுறவிலும் இதே வியாதியைக் கொண்டுவரப் பார்த்தார்கள். பயிர்க்கடனுக்குச் சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று 2025இல் கூட்டுறவுப் பதிவாளரின் சுற்றறிக்கை வந்தது. தமிழகமெங்கும் விவசாயிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பிறகுதான், வேறு பாங்கில் பயிர்க்கடன் இருக்கிறதா என்று பார்க்கவே அறிக்கை, மார்க்கைப் பார்க்க அல்ல என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தை நமது சங்கச் செயலாளர்களுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லாத கடன் அது. அதை விட்டால் சிறு விவசாயிக்கு வேறு கதி இல்லை.

1998இல் தொடங்கிய உழவர் கடன் அட்டை சம்பந்தமாகவும் சொல்லியாக வேண்டும். பட்டாதாரர், குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுகிறவர் அனைவரும் தகுதி உடையவர்கள் என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வாய்மொழிக் குத்தகைக்குத் தகுதி என்று எழுதிவிட்டு, வாசலில் நின்று சிட்டாவும் அடங்கலும் கேட்டால் வாய்மொழி எங்கே போய்ப் பத்திரம் வாங்கும்? ஆடு மாடு வளர்ப்புக்கும் இந்த அட்டை 2019 முதல் உண்டு. ஆகவே சொந்த நிலமில்லாத விவசாயத் தொழிலாளி, இரண்டு கறவை மாட்டை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர், இதற்கு மனுப் போடலாம். உரிய காலத்தில் கட்டினால் நூற்றுக்கு நான்கு வட்டி. 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. மரவள்ளிக்கு ஒன்பது பத்து மாசம் காத்திருந்து, சேகோ ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்டுக்கு இத்தனை என்று அவர்கள் வைத்ததே விலையாக விற்கிறவனுக்கு இந்த நான்கு வட்டியும் பத்து வட்டியும் ஒன்றல்ல.

ஆனால் கடைவீதியில் காட்டிச் சாமான் வாங்கும் கிரெடிட் கார்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கெடுவுக்குள் முழுத்தொகையும் கட்டாவிட்டால் பல கார்டுகளில் மாசத்துக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் வட்டி வரை ஓடும். தண்டல்காரருக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டாற்போல! மாசச் சம்பளம் நிச்சயமில்லாதவர் அதற்கு ஆசைப்படாமல் இருப்பதே நல்லது என்பது நமது அபிப்பிராயம். ஜன்தன் கணக்கை ஆறு மாசம் ஒழுங்காக நடத்தியவர் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்றுக் கேட்கலாம். அதை முதலில் கேட்கட்டும்.

மறுக்கப்பட்டவர் என்ன செய்வது? உடனே பக்கத்துப் பாங்கு, அடுத்த பாங்கு என்று ஓடக்கூடாது. ஒவ்வொரு மனுவுக்கும் சிபில் ஏட்டில் ஒரு விசாரணை ஏறும்; அடுத்தடுத்து ஏறினால் இருக்கிற மார்க்கும் இறங்கும். அதே பாங்கின் மானேஜருக்குத் தமிழில் ஒரு காகிதம் எழுதினால் போதும். இன்ன தேதியில் இன்ன கடனுக்கு மனுக் கொடுத்தேன்; மறுக்கப்பட்டதாக வாய்மொழியாகச் சொன்னீர்கள்; காரணத்தை எழுத்தில் தரும்படியும் எந்தத் தகவல் கம்பெனியின் அறிக்கையைப் பார்த்தீர்களோ அதன் நகலைத் தரும்படியும் கோருகிறேன். இவ்வளவுதான். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். சீல் போட மறுத்தால் ரிஜிஸ்தர் தபால். காரணம் வந்ததும் அதற்குப் பதில் சேர்த்து, மறுபரிசீலனை செய்யக் கோரி இரண்டாவது மனு. தவறான பாக்கி என்றால் கட்டி முடித்த ரசீது. வருமானம் போதாது என்றால் பி.எப். சீட்டு, சம்பளம் ஏறிய பாஸ்புத்தகம், சொசைட்டியின் பால் அட்டை. கோபத்தைக் காகிதத்தில் காட்டிப் பயனில்லை. காகிதத்துக்குக் காகிதம்தான் பதில் சொல்லும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்தது பொருந்தாவிட்டாலோ ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். கடன் கொடு என்று அவர் உத்தரவு போடமாட்டார். காரணம் தராததையும் தவறைத் திருத்தாததையும் விசாரிப்பார்.

இந்த மனுவைத் தனி ஆளாகக் கொண்டுபோனால் குமாஸ்தா மேசையோடு போய்விடும். பட்டறைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இருபது, முப்பது மனுக்களைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோக வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு தெருவே முடிந்துவிடும்.

பாங்குகளுக்குப் பணமுடை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2025 மார்ச்சில் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது. நீக்கம் வேறு, தள்ளுபடி வேறு, வசூல் தொடரும் என்பது அவர்களது விளக்கம். இருக்கட்டும். தறிக்காரனின் மூன்று தவணைக்கு அந்த விளக்கத்தில் ஓர் ஓரம்கூடக் கிடைக்கவில்லையே!

சேலத்திலும் நாமக்கல்லிலும் கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம் நடக்கிறது. முன்னோடி பாங்கின் அதிகாரிக்கும் அதில் இடமுண்டு. ஒவ்வொரு கிளையிலும் எத்தனை மனு வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது, மறுத்தவற்றில் எத்தனைக்கு எழுத்தில் காரணம் தரப்பட்டது என்ற மூன்று எண்ணிக்கையை அந்தக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். மறுப்புக் கடிதம் தமிழில் இருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு கலெக்டர்களும் அடுத்த கூட்டத்திலேயே இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம்.