ஜன்னலை மாற்றப் போகிறீர்களா?

எங்கள் வீட்டில் மொத்தம் ஒன்பது ஜன்னல்கள். 1958-ல் என் மாமனார் மேற்கு மாம்பலத்தில் கட்டிய வீடு அது. ஜன்னல்கள் அத்தனையும் பர்மாத் தேக்கு என்று அவர் சொல்லுவாராம். வந்து போன தச்சர்களில் ஒருவரும் இதுவரை மறுத்துப் பேசவில்லை. ஆகவே நாங்களும் நம்பி வருகிறோம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் நான்கு கதவுகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. மரச் சட்டத்தில் கண்ணாடி, நடுவே இரும்புக் கம்பி. பழைய சென்னை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை.

உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் வயதானவர்களைப் போல அவற்றுக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு மூட மாட்டேன் என்னும். கோடையில் சுருங்கி இடுக்கு விட்டு, தெருப் புழுதியை எல்லாம் வரவேற்று உள்ளே உட்கார வைக்கும். காற்றடித்தால் இராத்திரி முழுவதும் தாளம் போடும்.

சென்ற வருஷம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பளபளவென்று ஒரு விளம்பரப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார்.

"இதைப் பார்! இரட்டைக் கண்ணாடி ஜன்னலாம். வெளிச்சம் வரும், சூடு வராது. தூசி வராது, சத்தம் வராது. கரண்ட் பில் பாதியாகிவிடும்!"

"காற்று வருமா?" என்று கேட்டார் மாமியார், கீரையை ஆய்ந்துகொண்டே.

இவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் இல்லை.

ஒன்பது ஜன்னலுக்கும் எஸ்டிமேட் வந்தது. அந்தப் பணத்தில் ஒரு சின்னக் கல்யாணத்தையே நடத்திவிடலாம். ஆகவே முதலில் ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எதை? மாமியாரின் மேற்கு அறை ஜன்னலைத்தான். சாயங்கால வெய்யில் நேராக அடிக்கும் அறை அது. அவருக்கு 78 வயது. ஏ.ஸி. வைத்துத் தருகிறோம் என்றால், "முழங்கால் குத்தும்" என்று மறுத்துவிடுவார்.

"அது காற்று வருகிற ஜன்னல் இல்லையம்மா, போகிற ஜன்னல். அதை அடைத்துவிட்டால் ஹாலில்கூடக் காற்று நின்றுவிடும்" என்று அப்போதே சொன்னார். நான் காலேஜில் பௌதிகம் படித்தவள். பதில் சொல்லாமல் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

வெள்ளைச் சட்டம் போட்ட புது ஜன்னல் வந்தது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இரண்டு கதவுகள், ஒவ்வொன்றிலும் இரட்டைக் கண்ணாடி. புழுதி நின்றது. ஆட்டோ சத்தம் நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள்.

அக்கினி நட்சத்திரமும் வந்தது. சாயங்காலம் 5 மணிக்கு அறைக்குள் போனால், பழைய ஜன்னலின் காலத்தில் இருந்த அதே அனல்! ஒருநாள் இராத்திரி கரண்ட் போயிற்று. ஒரு மணி சுமாருக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, மாமியார் ஹாலில் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். புடவை முழுதும் வேர்வை. "தலையைச் சுற்றுகிறதம்மா" என்றார். சொல்லி முடிக்குமுன் என் மேல் சாய்ந்துவிட்டார்.

காலையில் டாக்டர் பார்த்தார். உடம்பில் நீர் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. "வயதானவர்களுக்குப் பகல் சூட்டைவிட இராத்திரி தணியாத சூடு பொல்லாதது" என்று சொல்லிப் போனார். இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார், தெய்வாதீனம். நான்தான் அந்த இரண்டு நாளும் தூங்கவில்லை.

இஸ்திரிப் பெட்டி

என் சித்தப்பா மகன் கட்டட என்ஜினீயர். விசாரிக்க வந்தவன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு எங்களை விட்டுவிட்டு மாமியாரிடம் போய், "இந்த வீட்டில் காற்று எப்படி அம்மா வரும்?" என்று கேட்டான். அவர் சொன்னார்: பிற்பகலில் கடற்காற்று கிழக்கே ஹால் ஜன்னலில் நுழையும், நடையைத் தாண்டும், மேற்கு அறை ஜன்னல் வழியாக வெளியே போகும்.

"நீ பௌதிகம் படித்தவள்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நான் வாய் திறக்கவில்லை.

அவன் விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் வழியாகச் சூடு மூன்று விதமாக வருகிறது. வெய்யில் கண்ணாடியை ஊடுருவி நேராக வருவது ஒன்று. வெளிக்காற்றின் உஷ்ணம் கண்ணாடி வழியே கடத்தப்படுவது இரண்டு. இடுக்கு வழியே அனல் காற்று நுழைவது மூன்று. நம் ஊரில் முதலாவதுதான் பெரிய திருடன். மே மாதத்து நாலு மணி வெய்யில் 4 அடிக்கு 5 அடி மேற்கு ஜன்னலில் விழுந்தால், சாதாரணக் கண்ணாடி வழியாக ஏறக்குறைய 600, 700 வாட் சூடு உள்ளே வரும். தினம் மாலையில் அறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வைத்தது போலத்தான். கடத்தப்பட்டு வருவதோ, ஏ.ஸி. இல்லாத அறையில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

சாதா இரட்டைக் கண்ணாடி தடுப்பது முக்கியமாக இரண்டாவது சூட்டைத்தான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அடைபட்ட காற்று, ஃபிளாஸ்க் மாதிரி சூட்டைக் கடத்தாமல் தடுக்கும். ஆனால் தெளிந்த கண்ணாடியானால், இரண்டு போட்டாலும் வெய்யிலின் சூட்டில் பத்தில் ஏழு பங்கு உள்ளே வந்துவிடும்.

இந்த ஏற்பாடு பிறந்ததே குளிர் தேசத்தில். 1865-லேயே அமெரிக்காவில் ஒருவர் இதற்குப் பேடண்ட் வாங்கியிருக்கிறார். அங்கே கணப்புச் சூடு வெளியே போகக் கூடாது. வெய்யில் எவ்வளவு வந்தாலும் நல்லது. அவர்கள் ஸ்வெட்டரை நாம் வாங்கி மாட்டிக்கொண்டு வேர்க்கிறதே என்றால் யார் என்ன செய்வது?

இரண்டு எண்கள், ஒரு தீக்குச்சி

அப்படியானால் புது ஜன்னலே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். கடைக்காரரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்.

முதலாவது, 'எஸ்.எச்.ஜி.ஸி.' கண்ணாடியின் மேல் விழும் வெய்யில் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதை இது சொல்லும். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8-க்கு மேல், தெளிந்த இரட்டைக் கண்ணாடிக்கு சுமார் 0.7. வெய்யிலைத் தடுக்கவென்றே பூச்சுப் பூசிய நல்ல இரட்டைக் கண்ணாடியில் 0.3-க்கும் கீழே இறங்கிவிடும். கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு இந்த எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது, 'யூ' மதிப்பு. இது கடத்தப்படும் சூட்டின் அளவு. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 சுமார், இரட்டைக்கு அதில் பாதி, பூச்சுள்ள இரட்டைக்கு 2-க்கும் கீழே. ஏ.ஸி. போட்ட அறைக்கு இது முக்கியம். ஏ.ஸி. இல்லாமல் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் அறையில் இந்த எண்ணுக்காகக் காசு செலவழிப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பூட்டை மட்டும் விலை உயர்ந்ததாக வாங்குவது போல.

அந்தப் பூச்சுக்கு 'லோ-ஈ' என்று பெயர். கண்ணுக்கே தெரியாத மெல்லிய வெள்ளிப் படலம். வெய்யிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாகத்தான் வருகிறது. நம் ஊருக்கென்று செய்த பூச்சு, வெளிச்சத்தை உள்ளே விட்டு அந்தக் கதிர்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தி வேளையில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடியுங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர்கள் தெரியும், முகத்துக்கு ஒன்றாக. அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறமாயிருந்தால் அந்த முகத்தில் பூச்சு இருக்கிறது. நான்கும் ஒரே நிறமாயிருந்தால் பூச்சு இல்லை. வெய்யிலைத் தடுப்பதற்கான பூச்சு வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஜன்னலுக்கு முன்னால் என் தம்பி குச்சியைக் கொளுத்தினான். நான்கும் ஒரே மஞ்சள்!

காற்றின் கணக்கு

மத்திய மின்சக்தி அமைச்சகம் 2018-ல் வீடுகளுக்கென்று 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்று ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. சென்னையைப் போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு வீட்டுத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. இதை ஓர் அறைக்குப் பொருத்திப் பாருங்கள். 10-க்கு 12 அடி அறையின் தரை 120 சதுர அடி. ஆறில் ஒன்று 20 சதுர அடி. 4-க்கு 5 அடி ஜன்னல் சரியாக 20! மாமனார் காலத்து மேஸ்திரி எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். கீலில் திறக்கும் கதவானால் அநேகமாக முழுப் பரப்பும் திறக்கும். தள்ளு கதவில் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்துகொள்வதால் பாதிதான் திறக்கும். காற்று போகிற வாசலில் பாதியை நாங்களே காசு கொடுத்து மூடியிருந்தோம்.

வெய்யிலை வெளியே நிறுத்துங்கள்

வெய்யில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரைச்சீலை போட்டால், துணி சுட்டு, அந்தச் சூடு அறையிலேயே தங்கும். அதே தடுப்பைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால் சூடு தெருவோடு போய்விடும். தெற்கு ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு போதும், சூரியன் உயரத்தில் இருப்பதால். கிழக்கிலும் மேற்கிலும் வெய்யில் தாழ்ந்து வரும். அங்கே சன்ஷேடு பயன்படாது, எதிரே தட்டிதான் தொங்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு மத்தி வரை நடுப்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே இருக்கிறது. கத்திரி வெய்யிலில் வடக்கு ஜன்னலிலும் கொஞ்சம் வெய்யில் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

நாங்கள் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். பழைய ஜன்னலை விற்க மனமில்லாமல் மாமியார் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தார். தச்சர் அதை எடுத்துப் பழைய பெயிண்டைச் சுரண்டி, கீலுக்கு எண்ணெய் விட்டு, கண்ணாடிக்குப் புதிதாகப் பட்டி வைத்து, கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, இருந்த இடத்திலேயே பொருத்தினார். (உங்கள் வீட்டு ஜன்னல் மழையில் உப்பினால் உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். வெய்யில் வந்ததும் சுருங்கி இடுக்கு விழும். பிறகு பல்லி குடும்பத்தோடு வரும்.) ஜன்னலுக்கு வெளியே, ஓர் அடி தள்ளி, மூங்கில் தட்டி. இரண்டு மணிக்கு இறக்கி, சூரியன் சாய்ந்ததும் சுருட்டிவிடுகிறோம். இராத்திரியில் கீழ்க் கதவுகளைச் சாத்தினாலும் மேல் கதவுகள் திறந்திருக்கும். மேலே தேங்கும் அனல் அந்த வழியாகப் போய்விடும்.

புது ஜன்னல் வீணாகவில்லை. எல்லா ஜன்னலும் ஒரே அளவானதால், வடக்கே தெருவைப் பார்த்த ஏ.ஸி. அறைக்கு அதை மாற்றிவிட்டோம். அங்கே வெய்யில் குறைவு, சத்தம் அதிகம். குழந்தை இப்போது ஹாரன் சத்தத்துக்கு விழித்துக்கொள்வதில்லை. அறை குளிர்ந்ததும் ஏ.ஸி. சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. அந்த அறைக்கு அது வாங்கிய விலைக்குத் தகும். மற்ற ஏழும் தச்சர் கைப்பட்டு, பழையபடி இருக்கின்றன.

'ஜன்னல்' என்பது போர்த்துகீசியர் தந்த சொல். அதற்கு முன்பே நம்மிடம் ஒரு சொல் இருந்தது: காலதர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. கீரை ஆய்ந்துகொண்டே மாமியார் கேட்டதும் அதைத்தான்.

இந்தக் கோடையிலும் இரண்டு தடவை இராத்திரியில் கரண்ட் போயிற்று. இரண்டு தடவையும் நான் எழுந்து போய் மேற்கு அறையில் எட்டிப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

போன வாரம் என் வீட்டுக்காரர் மறுபடியும் ஒரு விளம்பரப் புத்தகம் கொண்டு வந்தார். மொட்டை மாடிக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சாம். இந்தத் தடவை என்னிடம் நீட்டவில்லை. நேராக மேற்கு அறைக்குப் போய், "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.